காலில் நிற்கும் நீர்



வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் தைக்கும் அக்கா ஒருவரை அண்மையில் சந்தித்தேன். முல்லைத்தீவைச் சேர்ந்தவர். இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பியது.

“தண்ணி குடிச்சால்தானே தங்கச்சி வீங்கும்? அதுதான் குறைச்சிட்டன்” என்றார்.

பேசப் பேச மற்றக் காரணமும் வெளிவந்தது. 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, இரவில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கிறார். இப்போதும் நான்கு குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம். போகும் வழி இருட்டு. பழக்கம் விட்டுப்போகவில்லை. கொட்டாஞ்சேனையிலும் பெண்கள் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீரால் பொதுவாகக் கால் வீங்குவதில்லை. உப்புக் கூடினால் உடல் நீரைப் பிடித்து வைக்கிறது. நெடுநேரம் அசையாமல் இருந்தாலோ நின்றாலோ அது காலில் இறங்கித் தங்குகிறது. தண்ணீரைக் குறைத்தால் சலக்கடுப்பும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும்.

அக்காவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்தார்கள். நோய் ஒன்றும் இல்லை. வைத்தியர் சொன்னவை காசு செலவில்லாத காரியங்கள்:

* ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாண், சூப் கட்டி இவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும்.
* அரை மணிக்கு ஒருமுறை மெஷினை விட்டு எழும்பி நடவுங்கள். இருந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள்.
* படுக்கும்போது கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.
* தண்ணீரைப் பகலில் தாராளமாகக் குடியுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் குறைக்கலாம். இருதய, சிறுநீரக நோயாளர் வைத்தியர் சொன்ன அளவையே குடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டார் தரும் ‘நீர் போகும் குளிசை’ வேண்டவே வேண்டாம். உடலின் உப்புச் சமநிலை குழம்பி மயக்கம் வரலாம். பிரஷருக்குப் போடும் சில குளிசைகளாலும் கால் வீங்கும். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், கர்ப்பிணிக்கு முகமோ கையோ வீங்கித் தலையிடியோ கண் மங்கலோ வந்தால் தாமதிக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காலையில் முகம் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

அக்காவின் கால் இப்போது பரவாயில்லை. தீபாவளித் தையல் குவிந்தால் மீண்டும் கொஞ்சம் வீங்குமாம். வீட்டுக்காரரோடு பேசி, மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மின்குமிழ் போடுவித்தோம். “இப்ப பயமில்லாமல் தண்ணி குடிக்கிறன் தங்கச்சி” என்றார்.

உங்கள் வீட்டிலும் அந்த வழி இருட்டாக இருந்தால், வாய் திறந்து கேளுங்கள் சகோதரிகளே.