பூனை ஓசியில கிடைக்கும், வைத்தியம் ஓசியில கிடைக்காது!



"பூனைக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாம போகுது. டாக்டர் செலவு கட்டுப்படியாகல. பேசாம லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டா என்ன? அங்க மீன் கிடைக்கும், பிழைச்சுக்கும்."

நல்ல சம்பளம் வாங்குறவங்க வாயிலிருந்தே இப்படிப்பட்ட பேச்சு வருது. லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பதிலா சில பேர் காசிமேடுன்னு சொல்வாங்க, சில பேர் கோவளம்னு சொல்வாங்க. யோசனை ஒண்ணுதான்.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். இவங்க எல்லாரும் பாசம் இல்லாதவங்க இல்ல. பட்ஜெட் இல்லாதவங்க. செல்லப் பிராணியோட நீண்டகால நோய்ங்கிறது திடீர்னு வர்ற செலவு இல்ல. வீட்டு வாடகை மாதிரி மாசாமாசம் வர்ற செலவு. அதுக்கு முதல் நாள்லயே பணம் ஒதுக்காதவங்க பிராணி வாங்கவே கூடாது.

குப்பத்துப் பூனையோட கணக்கு வேற

லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மீனவர் ஊர். அந்த மாதிரி ஊர்ல பூனை தெருவுக்குச் சொந்தம். வலையிலிருந்து விழுற சின்ன மீனைத் தின்னும், எலி பிடிக்கும், எங்கயாவது படுத்துக்கும். அதுக்கு யாரும் பில் கட்டுறதில்ல. அது பதினஞ்சு வருஷம் வாழணும்னு யாரும் எதிர்பார்க்கிறதும் இல்ல.

நம்மள்ல நிறைய பேர் இப்படிப்பட்ட ஊர்லிருந்து வேலைக்காக சென்னைக்கு வந்தவங்கதான். "பூனைக்கு என்ன பெரிய செலவு? மீன் தலையும் மிச்ச சோறும் போதுமே"ங்கிற பழைய கணக்கையும் கூடவே எடுத்துட்டு வந்துட்டோம். ஆனா அடுக்குமாடி வீட்டுல அடைஞ்சு கிடக்கிற பூனைக்கு எலி கிடையாது, பல்லி கிடையாது. நீங்க தட்டுல வைக்கிறது மட்டும்தான் அதோட முழு சாப்பாடு.

அங்கதான் சிக்கல். பூனை கட்டாய மாமிச உண்ணி. டாரின்னு ஒரு சத்து அதோட உணவுல இருந்தே தீரணும். அது குறைஞ்சா பூனையோட இதயத் தசை பலவீனமாகும்னு 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் பாக்கெட் உணவுகள்ல டாரின் அளவைக் கூட்டினாங்க. சோறு நிறைய, மீன் கொஞ்சம்னு பிசைஞ்சு வைச்சா இந்தச் சத்து பத்தாம போகலாம்.

சரி, சோறே இல்லாம வெறும் மீன்? அதுவும் சரிவராது. பல வகை மீன்கள்ல பச்சையா இருக்கும்போது தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும். தினமும் அதையே தின்னா பூனைக்கு நரம்புப் பிரச்னை, வலிப்பு வரைக்கும் போகலாம். வேகவைச்சா அந்த நொதி செயலிழக்கும். ஆனா எண்ணெய்ச் சத்துள்ள மீனையே நாள் முழுக்கக் கொடுத்து வைட்டமின் ஈ பத்தாம போனா, உடம்புக் கொழுப்பு வீங்கி வலி எடுக்கிற நோய் வேற இருக்கு.

இப்ப அந்தக் "கொண்டு விட்டுடலாம்" யோசனையைத் திரும்பப் பாருங்க. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்குப் பாஸ்பரஸ் குறைவான உணவு வேணும். மீன் முள்ளும் தலையும் பாஸ்பரஸ் மூட்டை. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைச்சுக்கிட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும். அந்தக் கடற்கரையில அதை யார் கவனிப்பா? நோயாளிப் பூனையை மீன் கிடைக்கிற ஊர்ல விடுறது அதைப் பிழைக்க வைக்கிற வழி இல்ல. நம்ம கண்ணுக்குத் தெரியாம சாகவிடுற வழி.

வளர்ப்புப் பிராணியை இப்படிக் கைவிடுறது 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனா முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்! ஒரு டீ, ரெண்டு சமோசா காசு. அதனால சட்டம் தடுக்கும்னு நம்பிப் பிரயோஜனம் இல்ல. உங்க பட்ஜெட்தான் தடுக்கணும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நாள்பட்ட நோய் உள்ள பூனைக்கு மருத்துவ உணவு, மாத்திரை, பரிசோதனை எல்லாம் சேர்த்து மாசம் 5,000 ரூபாய்னு வைச்சுக்குவோம். வருஷத்துக்கு 60,000. பத்து வருஷத்துக்கு 6 லட்சம். விலைவாசி வருஷம் 6% ஏறினா, அதே பத்து வருஷத்துக்கு கிட்டத்தட்ட 7.9 லட்சம். உங்க பூனைக்கு இதைவிடக் குறைவா ஆகலாம், கூடவும் ஆகலாம். ஆனா "பூனையை ஓசியிலதான் வாங்கினேன்"ங்கிற வார்த்தைக்கு இங்க அர்த்தமே இல்லைன்னு புரியுதா?

இன்னும் சில விஷயங்கள்:

• 80டி பிரிவுல கழிவு உங்களுக்கு, துணைக்கு, பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு மட்டும்தான். பூனை உங்க "குழந்தை"ன்னு வருமான வரித்துறை ஒத்துக்காது. புதிய வரிமுறையில அந்தக் கழிவே கிடையாது.

• கால்நடை மருத்துவமனையோட சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனா பாக்கெட்ல வர்ற நாய், பூனை உணவுக்கு 18% ஜிஎஸ்டி. நாள்பட்ட நோயில மாசாமாசம் நிக்காம ஓடுற செலவே அந்தச் சாப்பாடுதான்.

• செல்லப் பிராணி இன்சூரன்ஸ் இந்தியாவுல வந்தாச்சு. ஆனா ஏற்கனவே இருக்கிற நோயைப் பொதுவா கவர் பண்ணமாட்டாங்க. நோய் வந்தப்புறம் பாலிசி தேடுறது, வீடு தீப்பிடிச்சப்புறம் கிணறு வெட்டுற கதை.

• 40,000 ரூபாய் பில்லை கிரெடிட் கார்டுல தேய்ச்சு, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிட்டு வந்தா? மாசம் 3.5% வட்டின்னா முதல் மாசமே சுமார் 1,400 ரூபாய் வட்டிக்கே போகுது. அந்த 1,400 ரூபாய் பூனையோட சாப்பாட்டுக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

ரீல்ஸ்ல பார்த்து ஃபெரெட் ஆசையா?

கீரி மாதிரி நீளமா, குறும்பா ஓடுற ஃபெரெட் வீடியோக்கள் இப்ப நிறைய வருது. ரொம்ப அழகுதான். ஆனா பூனையைவிடக் கறாரான மாமிச உண்ணி அது. சாப்பிட்டது மூணு நாலு மணி நேரத்துல செரிச்சு வெளிய போயிடும். அதனால நாள் முழுக்க அடிக்கடி சாப்பிடணும். வயசானா கணையத்துல கட்டி வந்து ரத்தச் சர்க்கரை இறங்குறது அதுகளுக்கு சகஜமான நோய். 30 டிகிரிக்கு மேல போனா வெப்பமே ஆபத்து. நம்ம ஊர் மே மாசத்துல அப்படின்னா என்ன அர்த்தம்? ராத்திரி பகல்னு ஏசி ஓடணும். நீங்க ஆபீஸ்ல இருக்கும்போதும் ஓடணும். ஃபெரெட்டைத் தெரிஞ்சு பார்க்கிற டாக்டர் பக்கத்துல இருக்காரா, கரண்ட் பில் எவ்வளவு வரும்? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியாம விலை விசாரிக்காதீங்க.

என்ன பண்ணலாம்?

முதல்ல, மூணு மாச ஒத்திகை. பிராணி வாங்குறதுக்கு முன்னாடியே மாசம் 5,000 ரூபாயைத் தனிக் கணக்குல போடுங்க. மூணு மாசத்துல அதை எடுத்துச் செலவு பண்ணிட்டீங்களா? இப்போதைக்கு வேண்டாம். தொடலையா? 15,000 ரூபாய் கையில இருக்கு, தாராளமா கூட்டிட்டு வாங்க.

ரெண்டாவது, ஆரோக்கியமா இருக்கும்போதே மாசம் 2,000 ரூபாய் ஆர்டி போடுங்க. மூணு வருஷத்துல அசலே 72,000. உங்களோட சொந்த எமர்ஜென்சி ஃபண்டோட இதைக் கலக்காதீங்க. வேலை போற மாசமும் பூனை படுக்குற மாசமும் ஒண்ணா வரலாம்.

மூணாவது, அரசு மருத்துவமனைக்குப் போகக் கூச்சப்படாதீங்க. வேப்பேரில இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கினது. அங்க சிறப்பு மருத்துவர்கள் இருக்காங்க. பழவேற்காடு பக்கத்துக்காரங்க பொன்னேரி வந்து ரயில் பிடிச்சா சென்ட்ரல், அங்கிருந்து கிட்டதான். காத்திருக்கணும், அரை நாள் லீவு போகும். அரை நாள் லீவு, கார்டு வட்டியைவிட மலிவு.

நாலாவது, டாக்டர்கிட்ட காசைப் பத்தி வெளிப்படையா பேசுங்க. "இந்த சிகிச்சையால என்ன முன்னேற்றம் வரும்? மாசம் எவ்வளவு ஆகும்? இதைவிடக் குறைஞ்ச செலவுல வழி இருக்கா?" இதைக் கேட்கிறது கஞ்சத்தனம் இல்ல.

கடைசியா ஒரு கஷ்டமான விஷயம். எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணுவீங்க, வலி தாங்க முடியாத நிலை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு வீட்டுல உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. அது துள்ளி விளையாடிட்டு இருக்கும்போதே பேசுங்க.

பழவேற்காடு ஏரி மீனவர்கள்கிட்ட "பாடு"ன்னு ஒரு முறை உண்டு. யார், எந்த இடத்துல, என்னைக்கு வலை போடணும்னு முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி வரிசை வைச்சுடுவாங்க. மீன் வந்து நிக்கும்போது பேச ஆரம்பிச்சா சண்டைதான் மிஞ்சும்னு அவங்களுக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு கிளினிக் வாசல்ல, கையில துடிக்கிற பூனையோட, ஈஎம்ஐ ஆப்பைத் திறந்து வைச்சுட்டு எடுக்கிற முடிவு எதுவும் நல்ல முடிவா இருக்காது.

பூனையோட மாசச் செலவு உங்க சம்பளத்துல எத்தனை சதவீதம்? இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அந்த எண்ணைக் கமெண்ட்ல சொன்னீங்கன்னா, அடுத்த வீடியோவுல ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஏத்த மாதிரி பட்ஜெட் போட்டுக் காட்டுறேன்.