திருடனுக்கு வைத்த தோட்டா சுவரோடு நிற்குமா?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரில் 72 விழுக்காட்டினர், அதற்குத் தற்காப்பே முக்கியக் காரணம் என்று 2023-இல் பியூ ஆய்வு மையத்திடம் கூறினர். சிலர் கைத்துப்பாக்கியோடு நிற்காமல் ஏஆர்-15 ரக ரைபிளையும் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்து அங்கே எழும் கேள்விதான் நமக்கு விநோதமாகப் படும்: நள்ளிரவில் திருடன் புகுந்தால் சுடுவதற்கு எந்தத் தோட்டா நல்லது?

வன்முறை மோகம் போலத் தோன்றினாலும், கேள்விக்குப் பின்னால் நியாயமான பயம் இருக்கிறது. சுட்ட குண்டு சுவரைத் துளைத்து, அடுத்த அறையில் தூங்கும் பிள்ளை மீது பாய்ந்தால்? நம் தாமான் வீடுகளில் செங்கல் சுவர். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் எழுப்பப்பட்டவை. உள்சுவர் என்பது பொதுவாக அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே வெற்றிடம், அவ்வளவுதான்.

ரைபிள் குண்டு சிறியது, மிக வேகமானது. முழுக்கச் செம்பு உறை போர்த்திய குண்டு மலிவு, பயிற்சிக்கு உதவும். ஹாலோ பாயிண்ட் எனப்படும் நுனி குழிவான குண்டு, உடலில் பட்டதும் விரிந்து வேகம் இழக்கும். எடை குறைந்த, சிதறும் ரகக் குண்டுகள் சுவரிலேயே உடையத் தொடங்குவதால், சில சோதனைகளில் கைத்துப்பாக்கிக் குண்டைவிடக் குறைவாகவே ஊடுருவின. விவரம் அறிந்தவர்கள் வீட்டுக்கு இவற்றைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

விரியும் குண்டுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் பிரிட்டிஷார் உருவாக்கியதால் அதற்கு ‘டம்டம்’ என்றே பெயர் வந்தது. 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடை செய்தது. போர்க்களத்தில் எதிரி மீது கூடாது என்று ஒதுக்கப்பட்டது, இன்று வீட்டுக்குள் பொறுப்பான தேர்வாகிவிட்டது.

ஆனால் தோட்டாவை மாற்றினால் ஆபத்து நீங்கிவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. உடலைப் போன்ற அடர்த்தியுள்ள ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது எஃப்பிஐ பின்பற்றும் அளவுகோல். 1986-இல் மியாமி துப்பாக்கிச் சண்டையில் இரு அதிகாரிகளை இழந்த பிறகு வகுக்கப்பட்டது அது. ஓர் ஆளைத் தடுக்கும் வலுவுள்ள குண்டு, குறி தவறினால் ஜிப்சம் பலகைக்கு அடங்காது.

2020 மார்ச்சில் லூயிவில் நகரில் நடந்ததைப் பாருங்கள். நள்ளிரவில் கதவை உடைத்து நுழைந்த போலீசாரைத் திருடர்கள் என்று நினைத்துப் பிரியோனா டெய்லரின் காதலர் ஒருமுறை சுட்டார். போலீசார் திருப்பிச் சுட்டதில் டெய்லர் இறந்தார். போலீசாரின் சில குண்டுகள் சுவரைத் துளைத்து, குழந்தையுடன் ஒரு குடும்பம் வசித்த பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்தன. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போய்த் தவறான வீட்டில் மணி அடித்த 16 வயது மாணவனை வீட்டுக்காரர் கதவு வழியே சுட்டார். நல்லவேளை, அவன் பிழைத்தான். வாசலில் நிற்பது யார் என்று தெரியாதபோது எந்த ரகத் தோட்டாவும் உதவாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 46 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 27 ஆயிரத்துக்கும் அதிகமானோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, மனம் உடைந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் கைக்கே எட்டுகிறது. தோட்டா ரகம் பற்றிய வாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

மலேசியாவில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே ஏழாண்டு வரை சிறை அல்லது 10 ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மேற்படிப்புக்காகப் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்று செய்யலாம். வாடகை வீட்டில் உடன் தங்குபவரிடம் துப்பாக்கி இருக்கிறதா, அதுவும் தோட்டாவும் தனித்தனியே பூட்டப்பட்டுள்ளனவா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடப் போகும் வீட்டில் இதைக் கேளுங்கள் என்று அங்குள்ள குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள்.