மலிவான நிறமும் அழகுதான்

1999இல் பிரித்தானியாவில் தொடங்கிய நியோபெட்ஸ் இணைய விளையாட்டில், புதிதாக ஒரு பிராணியை உருவாக்குபவருக்குச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்ற நான்கில் ஒரு நிறம் இலவசமாகக் கிடைக்கும். மற்ற நிறங்களுக்குப் பெரும்பாலும் விலைகூடிய தூரிகை வேண்டும். அதனாலேயே அந்த நான்கையும் பலர் நின்று பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து உடுவில் தோட்டச் செம்மண்ணின் அழகு உடுவிலாருக்கே தெரியாமல் போவது போலத்தான் இதுவும். உண்மையில், பிராணியின் உடலமைப்பும் முகபாவமும் தெளிவாகத் துலங்குவது இந்த எளிய நிறங்களில்தான். சிறகும் பளபளப்பும் கூடக்கூட வரைந்தவரின் கோடு மறைந்துவிடுகிறது. 2007இல் உடை அணிவிக்கும் வசதி வந்தபோது பிராணிகள் ஒரே நிலையில் திரும்ப வரையப்பட்டன. மாறாமல் எஞ்சிய பழைய ஓவியங்களுக்கு மவுசு ஏறியது. அவற்றின் அழகு மட்டுமல்ல, இனிப் புதிதாகக் கிடைக்காது என்ற அன்றைய நிலையும் அதற்குக் காரணம். பாடுபட்டுப் பெற்ற அரிய நிறத்தைக் கொண்டாடுவதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழையில்லை, ஆனால் அந்தப் பெருமை விளையாடியவரின் பொறுமைக்கு உரியது, வடிவமைப்புக்கு அல்ல. விலையை வைத்து அழகை அளக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் விளையாட்டிலும் கற்க வேண்டாம்.