ஸ்பூல் ஃபைல் குப்பையில்ல சாமி!

வல்லக்கோட்டை முருகனக் கும்பிட்டுட்டு ஒரகடம் பக்கம் வண்டிய விட்டா ரெண்டு பக்கமும் கம்பெனிதான். அதுல ஒண்ணுல பொட்டி தட்டப் போனப்ப கேட்ட டயலாக்: "டேட்டா எல்லாம் புது மெஷினுக்கு வந்தாச்சு. பழைய பிரிண்ட் அவுட் எதுக்கு சார்? வேணும்னா ரிப்போர்ட்ட மறுபடி ஓட்டிக்கலாம்."

இந்த "மறுபடி ஓட்டிக்கலாம்" இருக்கே, இத மாதிரி ஒரு அண்டப்புளுகு கிடையாது மக்கா.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. 1988ல ஐபிஎம் விட்ட ஏஎஸ்/400, பேரு பல தடவ மாறி, இன்னிக்கு பவர் சர்வர்ல ஐபிஎம் ஐ-யா ஓடுது. அதுல பிரிண்ட் குடுத்தா ஸ்பூல் ஃபைலா அவுட்புட் கியூவுல போய் உக்காரும். சம்பளப் பட்டியல், பிஎஃப் பிடித்தம், இன்வாய்ஸ்னு வருஷக்கணக்கா அங்கயே கிடக்கும்.

2003 சம்பளப் பட்டியல இன்னிக்கு ஓட்டினா என்ன வரும்? நடுவுல புரோகிராம் மாறியிருக்கும், மாஸ்டர் மாறியிருக்கும். வர்றது 2003ஐப் பத்தி இன்னிக்கு மெஷின் சொல்ற கதை. அன்னிக்கு அச்சானதுதான் சாட்சி.

"சட்டப்படி கணக்கு 8 வருஷம் வெச்சா போதுமே"ம்பாங்க. தொழிலாளி 30 வருஷம் உழைக்கிறாரே? பிஎஃப் பென்ஷன் திட்டம் வந்தது 1995 நவம்பர்ல. கூடுதல் பென்ஷன் பத்தி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது 2022 நவம்பர் 4. அதுக்கு மனு போட்டவங்களோட பழைய சம்பள விவரத்த பிஎஃப் ஆபீஸ் கம்பெனிகிட்டதான் கேட்டுச்சு. பழைய பொட்டிய காயலான் கடைக்கு அனுப்பினவன் எதக் காட்டுவான்?

சரி, கொண்டு வர்றது அவ்ளோ கஷ்டமா? 2006ல வந்த வி5ஆர்4லேருந்து அவுட்புட் கியூவ சேவ் பண்றப்பவே உள்ள இருக்கற ஸ்பூல் ஃபைலும் கூட வரும். ஆனா அதுக்கு ஒரு ஆப்ஷன் கேக்கணும். யாரும் தொடலன்னா அது "வேண்டாம்"னுதான் நிக்கும். கியூ வந்துரும், உள்ள காலி! அதுக்கும் முந்தின மெஷின்னா டேட்டாபேஸ் ஃபைலா காப்பி பண்ணலாம். எழுத்து வரும், ஃபாண்ட்டும் ஃபார்ம் அமைப்பும் போயிரும். வேலை கூடுதல்தான், முடியாததில்ல.

அதனால பிராஜெக்ட் மேனேஜர் அண்ணாச்சிகளே, ரெண்டே ரெண்டு கோரிக்கை. பழசுல எத்தன ஸ்பூல் ஃபைல், எத்தன பக்கம்னு எண்ணி, புதுசுல ஒத்துப் பாருங்க. பழைய சம்பளப் பட்டியல் ஒண்ணு புது மெஷின்ல முழுசா அச்சாகுற வரைக்கும் பழைய டிஸ்க்க அழிக்காதீங்க. அது உங்க டிஸ்க் இடம் இல்ல, இன்னொருத்தரோட பென்ஷன்.