பாடப் போனவர்களும் பணம் கட்டியவர்களும்

சென்ற வாரம் விடுதிப் படிப்பகத்தில் ஒரு நாளேடு கிடந்தது. அதில் ஒரு படம். ஒரே நிறச் சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் விமான நிலையத்தில் வரிசையாக நிற்கிறார்கள். வெளிநாடு சென்று பாடப்போகும் குழுவாம். முதுகலை படிக்கும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் பாடப் போகிறார்களா, ஊர் பார்க்கப் போகிறார்களா?" என்று கேட்டார். படிப்பகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான், அவர் கேட்ட கேள்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று அந்தப் படத்தில் ஒளிந்திருப்பதாகத் தோன்றிற்று.

ஊர் பார்ப்பது குற்றமா, நண்பர்களே? பாட்டுக்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டு மேடைக்கும் விடுதிக்குமாக நடக்கவேண்டுமா? பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் லாங்கோலன் என்று ஒரு சிறு ஊர் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947ஆம் ஆண்டு, பல நாட்டுப் பாடகர் குழுக்களை அழைத்து அங்கே ஓர் இசை விழாவைத் தொடங்கினார்கள். வந்தவர்களைத் தங்கவைக்கப் பெரிய மாளிகைகளா இருந்தன? ஊர்மக்கள் தங்கள் வீடுகளிலேயே இடம் கொடுத்தார்கள். 1949இல் ஜெர்மனியின் லூபெக் நகரக் குழு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரி நாடு! அந்த நாட்டின் குழுவையும் ஊர் வரவேற்றது. இது ஊர் பார்த்ததா, பாடியதா? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதே விழாவுக்கு 1955இல் இத்தாலியின் மொதேனா நகரக் குழு சென்றது. அது பள்ளிக் குழு அன்று, ஊர்க் குழு. தந்தையும் மகனும் சேர்ந்தே அதில் பாடினார்கள். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. மகனுக்கு வயது 19. குழு முதற்பரிசு பெற்றது. பாட்டையே தொழிலாகக் கொள்ளலாம் என்னும் துணிவு அந்தப் பயணத்தில்தான் பிறந்தது என்று அந்த மகன் பிற்காலத்தில் சொன்னார். அவர்தாம் உலகமறிந்த லுசியானோ பவரொட்டி. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே ஊருக்குத் திரும்பிவந்து பாடினார்.

ரொட்டி சுடுபவரின் மகன் என்பதை மறவாதீர்கள். நான் சொல்லவந்தது அங்கேதான் இருக்கிறது.

நானும் ஒருமுறை இப்படிப் போனவன். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளிக் குழு சிங்கப்பூர் சென்றது. பல குரல்கள் வெவ்வேறு நிலையில் நின்று ஒன்றாகப் பாடும் முறை நம் மரபில் அதிகம் வழங்கியதன்று. எம்.பி.சீனிவாசன் மதராஸ் யூத் கொயரை அமைத்துப் பாரதியாரின் பாடல்களை அம்முறையில் பாடவைத்தார். எங்கள் இசை ஆசிரியருக்கும் அந்த வழியில் பற்று அதிகம். பாரதியார் பாடல் ஒன்றை நான்கு குரலாகப் பிரித்து ஓராண்டு பயிற்றினார். அதில் கீழ்க்குரல்தான் அடித்தளம். மற்ற மூன்றும் அதன்மேல் சாய்ந்து நிற்கும். எங்கள் குழுவில் அந்தக் குரல் ஒரே ஒருவனிடம் இருந்தது. மற்ற இருவர் கூட நின்றார்கள், அவ்வளவுதான்.

பயணக் கட்டணம் அறிவித்த மறுநாள் அவனே போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னான். அக்காளுக்குத் திருமணம் என்றான். அவனுக்கு அக்காள் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் தந்தை லாரி ஓட்டுநர் என்பதும் தெரியும். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பதிலாக வந்தவன் பணம் கட்டினான். பாட்டை விமானத்தில் மனப்பாடம் செய்தான்.

ஏழு நாளில் இரண்டே இடத்தில் பாடினோம். எஞ்சிய நாளெல்லாம் செந்தோசாத் தீவு, மெர்லயன் சிலை, கரையோரத் தோட்டங்கள். குறை சொல்லமாட்டேன். ரயிலில் தமிழில் அறிவிப்புக் கேட்டபோதும், சிராங்கூன் சாலையில் நம் ஊர் மல்லிகையின் மணம் வந்தபோதும் நெஞ்சு நிறைந்தது உண்மை. ஆனால் மேடையில் பாடியபோது, கீழே தரையில்லாத வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. அவையோர் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இத்தனைக்கும் நான் நடுத்தரக் குரல்காரன். என்னைவிட அவனுக்கே அந்த இருக்கை உரியது. நான் போனது என் தந்தையின் சம்பளத்தால்.

ஆகவே, பாடப்போகிறார்களா, ஊர் பார்க்கப் போகிறார்களா என்று கேட்பதை விடுங்கள். யார் போகவில்லை என்று கேளுங்கள். அந்தப் படத்தில் இல்லாத முகம் யாருடையது?

"பிள்ளைகள் பாடியே செலவுக்குச் சம்பாதிக்கட்டுமே" என்று சிலர் சொல்லக்கூடும். அதிலும் எனக்கு அச்சம் உண்டு. 1939இல் வியன்னா மொசார்ட் சிறுவர் குழு ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தபோது போர் மூண்டது. திரும்ப வழியில்லை. ஏறக்குறைய இருபது சிறுவர்கள். ஒரே நாளில் பகைநாட்டார் ஆனார்கள். மெல்போர்ன் பேராயர் மானிக்ஸ் அவர்களுக்கு ஆதரவளித்தார். அந்நகரக் குடும்பங்கள் வீட்டில் வைத்து வளர்த்தன. புனித பாட்ரிக் பேராலயத்தில் அவர்கள் பாடினார்கள். அழைத்துவந்த இசையாசிரியர் பின்னர்க் காவலில் வைக்கப்பட்டார். சிறுவர்களில் பலர் அந்த நாட்டிலேயே வளர்ந்து அங்கேயே வாழ்ந்தார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப்போவது எவ்வளவு பெரிய பொறுப்பு! அதோடு பொருளீட்டும் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றுவது தகுமா? செலவு பெரியவர்களுடையது. பள்ளியும் பழைய மாணவரும் ஊராரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது.

பணம் போதவில்லையா? ஏழு நாளை நான்கு நாளாக்குங்கள். விமானத்தை விட்டு ரயிலில் போகும் தொலைவைத் தேர்ந்துகொள்ளுங்கள். விடுதிக்குப் பதில் வீடுகளில் தங்குங்கள். லாங்கோலன் வழி அதுதானே! முதலில் குரலைக் கேட்டுப் பட்டியல் எழுதட்டும். அதன் பிறகு அந்தப் பட்டியலுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடட்டும். இப்போது நடப்பது தலைகீழ்.

பள்ளிகளுக்கு நாம் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். நம் வீட்டுக்கு வருவோம். நம் மன்றத்துப் பாட்டுக் குழு காத்மாண்டு சென்று பாடலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல யோசனை, வாக்காளர் அட்டை போதும், பேருந்திலேயே போய்வரலாம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை தயாராவதாகவும் கேள்வி. அது ஒட்டப்படுமுன் இதை எழுதுகிறேன். நம் குழுவில் யாருக்கெல்லாம் திடீரென்று அக்காள் திருமணம் வரப்போகிறதோ! பொது நிதி ஒன்று வேண்டும் என்று செயலரிடம் நேற்று இருநூறு ரூபாய் கொடுத்தேன். அப்படி ஒரு கணக்கே இல்லையே என்று விழித்தார். பிறகு ஒரு புதுப் புத்தகத்தைப் பிரித்து ரசீது எழுதிக் கொடுத்தார். எண் 1.