மலைக்கு ஏற்ற மாதா

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு உறவுக்காரர்களை அழைத்துப் போனால் பலரும் கேட்பது, "இவ்வளவு சின்னக் கோயிலா?" என்றுதான். மதுரை மரியன்னை பேராலயத்தின் இரட்டைக் கோபுரமும் திருச்சி லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக் கோபுரமும் பார்த்துப் பழகிய கண்கள் அவை. மூன்றையும் கட்டியவர்கள் சேசு சபைச் சாமியார்கள்தான். பிறகு இங்கே மட்டும் ஏன் கோபுரம் வானத்தைத் தொடவில்லை?

என்னைக் கேட்டால், பாதையைக் கை காட்டுவேன். பிரெஞ்சுச் சாமியார் லூயி சேன் சீர் இந்தக் கோயிலை எழுப்பியது 1860களில். வத்தலக்குண்டிலிருந்து பண்ணைக்காடு பிரிவைத் தாண்டி நாம் பஸ்ஸில் ஏறிவரும் மலைச்சாலை 1910களில்தான் முடிந்தது. அதற்கு முன் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஏறும் செங்குத்துப் பாதையே கதி. சமவெளியில் வண்டியில் வந்த சாமான், இங்கே தலையிலும் முதுகிலும் ஏறி வந்தது.

அவ்வளவு பாடுபட்டு மேலே வரக் காரணம் உயிர்ப் பயம். 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பிய பிரெஞ்சு சேசு சபையினரில் பலர் இளவயதிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே வீடு கட்டியதும் நோய்க்குப் பயந்துதான். தேனிலவு ஊராவதற்கு வெகுகாலம் முன்பே இது பிழைத்துக்கிடக்க வந்த ஊர்.

சேன் சீர் தேர்ந்தெடுத்த மாதாவும் மலைக்காரிதான். 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், சலேத் என்ற இடத்தில், மாடு மேய்த்த மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதபடி காட்சி தந்ததாக நம்பிக்கை. 1851இல் கிரனோபிள் ஆயர் அதை ஏற்றார். மாதாவின் மார்பில் தொங்கிய சிலுவையின் இரு பக்கமும் சுத்தியலும் குறடும். அவர் பேசியதில் அழுகும் உருளைக்கிழங்கும் வரும். ஐரோப்பாவையே உருளைக்கிழங்கு நோய் வாட்டிய காலம் அது. அந்தத் துயரத்தை, இந்த மலையில் உருளைக்கிழங்கு போடும் மன்னவனூர் விவசாயிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 14, 15 திருவிழாத் தேருக்கு மலைக்கிராமத்து ஜனம் திரள்வதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எனவே சின்னதாக இருப்பது இந்தக் கோயிலுக்குக் குறையல்ல. பாதைக்கும் காலத்துக்கும் பொருந்திய அளவு அது. ஆனால் பெரிதாக்குகிறோம் என்று பழைய கோயில்களை இடிப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. இடிக்காத இடத்திலும் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசுகிறோம். மூடுபனியின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பழைய காரையை அரித்துவிடுகிறது. நம் மலையில் எந்தப் பழைய கோயிலின் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வந்தாலும் தாராளமாகக் கொடுங்கள். கூடவே, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வையுங்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்.