யூனிகோட்ல இருக்கு, வாயில இல்லை

போன ஞாயித்துக்கிழமை ஆணி எதுவும் இல்லை. குரோசாவாவோட 'டெர்சு உசாலா' (1975) பார்த்தேன். ரஷ்யாவோட கிழக்குக் கோடிக் காட்டுல சர்வே எடுக்க வர்ற ராணுவ அதிகாரிக்கு வழிகாட்டற ஒரு வயசான வேட்டைக்காரனோட கதை. ஆஸ்கர் வாங்கின படம். பார்க்காதவங்க பார்த்துடுங்க.

படம் முழுக்க டெர்சு அரைகுறை ரஷ்யன்தான் பேசறான். அவன் நானாய் இனத்துக்காரன். சொந்த மொழியில இந்த ஆள் எப்படிப் பேசியிருப்பான்னு மண்டைக்குள்ள குடைச்சல். (நடிச்சவரும் நானாய் இல்லை, துவா இனத்தவர். அது வேற குடும்பத்து மொழி.)

தேடப் போனா, சைபீரியாவுல ஆரம்பிச்சு வடகிழக்கு சீனா வரைக்கும் பரவின துங்கூசிய மொழிக்குடும்பம். எவென்கி, எவென், உதெகே, உயில்தா, மஞ்சு இப்படி ஒரு டஜன். 'ஷாமன்'ங்கற வார்த்தையே இவங்க உலகத்துக்குக் கொடுத்ததுதான். நம்ம 'நாம்', 'நாங்கள்' வித்தியாசம் அங்கேயும் இருக்கு: மஞ்சுவுல 'மூசே'ன்னா நாம், 'பே'ன்னா நாங்கள். ஆனா 'அமா'ன்னா அப்பா, ஹி ஹி. 19-ம் நூற்றாண்டுல மாக்ஸ் முல்லர் துங்கூசியத்தையும் தமிழையும் 'துரானியன்'னு ஒரே மூட்டையில கட்டினார். இன்னிக்கு அதை மொழியியல்ல ஏத்துக்கறதில்லை. அதனால ஆதித்தமிழன் சைபீரியா போனான்னு யாரும் கிளம்பிடாதீங்க சாமி.

2010 ரஷ்யக் கணக்கெடுப்புல எவென்கி இனத்தவர் சுமார் 38,000 பேர், மொழி தெரிஞ்சவங்க சுமார் 4,800. உயில்தா தெரிஞ்சவங்க 47 பேர்! சோவியத் காலத்துல பிள்ளைங்களைக் கலைமான் மேய்க்கற குடும்பத்துலேர்ந்து பிரிச்சு விடுதிப் பள்ளியில போட்டாங்க. வீட்டுப் பேச்சு அங்கேயே அறுந்துச்சு.

மறுநாள் கேன்டீன்ல இதைச் சொன்னா நண்பன் கேக்கறான், "47 பேருக்கு எதுக்கு மச்சி அகராதி? அந்தக் காசுல ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்கலாமே?"

கடுப்பாயிடுச்சு. ஆனா அவன் சொன்னதுல பாதி நியாயம் இருக்குன்னு வீட்டுக்கு வந்து மஞ்சு பத்திப் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது. 1644-லேர்ந்து 1912 வரைக்கும் சீனாவை ஆண்டவங்க மொழி அது. 1599-ல எழுத்து வந்தாச்சு. பெய்ஜிங் ஆவணக்காப்பகத்துல லட்சக்கணக்குல மஞ்சு ஆவணம் கிடக்கு. சியன்லுங் பேரரசர் மஞ்சு தெரியாத அதிகாரிங்களைத் திட்டித் தீர்த்தார், அஞ்சு மொழி அகராதி போட வெச்சார், சீனக் கலப்பை எடுத்துட்டுப் புதுசா மஞ்சுச் சொல் உருவாக்கச் சொன்னார் (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?). யூனிகோட்லயே 1999-லேர்ந்து இடம் இருக்கு. ஃபான்ட் சண்டையெல்லாம் போட்ட நமக்கு அதோட அருமை தெரியும். இவ்வளவும் இருந்து என்ன? இன்னிக்கு மஞ்சு இனத்தவர் ஒரு கோடி பேர். தாய்மொழியாப் பேசறவங்க ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துல சான்ஜியாட்சி மாதிரி ஒண்ணு ரெண்டு கிராமத்துல. 2000-களிலேயே அந்தப் பாட்டி தாத்தாங்க எண்பதைத் தொட்டாச்சு.

இதே மொழிதான், கொஞ்சம் மாறி, நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஷின்ஜியாங்குல உசிரோட இருக்கு. 1764-ல எல்லைக் காவலுக்குன்னு சுமார் ஆயிரம் சிபே சிப்பாய்களைக் குடும்பத்தோட அனுப்பினாங்க. அங்கே தனியா, கும்பலா, பிள்ளைகுட்டியோட கிடந்தாங்க. மொழி தங்கிடுச்சு. பேரரசர் ஆணை போட்டு நடக்காதது தன்னால நடந்துது.

எங்க தொழில்ல சொல்லணும்னா அகராதிங்கறது பேக்கப். ஓடற சர்வர் வேற. பேக்கப் எடுத்துட்டு "சிஸ்டம் நல்லா ஓடுது"ன்னு ரிப்போர்ட் போட்டா டமேஜர் செருப்பால அடிப்பார். அதுக்காக பேக்கப்பே வேண்டாம்னு சொல்றவன் நேத்து வேலைக்குச் சேர்ந்தவன். என்ன பேக்கப், எப்படி எடுக்கறதுங்கறதுதான் கேள்வி.

உதெகேயைப் பாருங்க. 'என் தலை'ன்னு ரெண்டு விதமாச் சொல்லலாம். கழுத்து மேல இருக்கற என் தலைக்கு ஒரு வடிவம். நடுவுல ஒரு சின்ன விகுதி சேர்த்தா, எனக்குச் சொந்தமான ஒரு தலை, அதாவது நான் வேட்டையாடின மிருகத்தோடது. அகராதியில 'தலை'ன்னு ஒரு வரியோட முடிஞ்சுடும். இது வெளியே வரணும்னா ரெண்டு பாட்டிங்க மீன் அரிஞ்சுக்கிட்டே வம்பு பேசறதை, சண்டை போடறதை, அப்படியே ரெக்கார்ட் பண்ணணும். அமூர் பக்கம் விரல் விட்டு எண்ணற அளவுக்கே ஆளிருக்கற நெகிதால் மொழிக்கு பகெண்டார்ஃப், அரலோவா ரெண்டு பேரும் ஒலி ஒளிப்பதிவோட ஆவணம் சேர்த்திருக்காங்க. காசைப் போடணும்னா இதுல போடணும், அதுவும் இப்பவே. வீடு அடுத்த வருஷமும் கட்டலாம், பாட்டி இருக்க மாட்டாங்க.

இதை அப்படியே நண்பன்கிட்ட ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு, "சரி மச்சி, அந்தப் பாட்டியோட பேரன் என்ன பேசறான்?"னான்.

"ரஷ்யன்தான்"னேன்.

ஒண்ணும் சொல்லாம தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டான்.